பெரிய டயருக்கு எந்தக் கிரவுன்?

டயர் மாற்றிய முதல் வாரம் யாரும் குறை சொல்வதில்லை. வண்டி உயர்ந்து நிற்கும், பார்க்க மிரட்டலாக இருக்கும், அதுவே போதும் என்று தோன்றும். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவரும். மேம்பாலம் ஏறும்போது கியர் தானாக ஒரு படி இறங்கும், உச்சிக்குப் போனதும் ஏறும், அடுத்த சிறு மேட்டில் மறுபடி இறங்கும். சிக்னலில் கிளம்ப ஆக்சிலரேட்டரை முன்பைவிட ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று அடித்தால் டாப் கியர் நிற்கவே நிற்காது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் ‘இழுவை போயிடுச்சு சார்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. டயரின் விட்டம் கூடியதால் ஒரு சுற்றுக்கு வண்டி கடக்கும் தூரம் கூடிவிட்டது. அதே தூரத்துக்கு எஞ்சின் இப்போது குறைவாகச் சுற்றுகிறது. குறைந்த சுற்றில் அதே எடையை, சொல்லப்போனால் முன்பைவிடக் கூடுதல் எடையை, தள்ளவேண்டியிருக்கிறது. இதைச் சரிசெய்ய நேரான வழி ஆக்சிலில் இருக்கும் கிரவுன் வீலையும் பினியனையும் வேறு விகிதத்துக்கு மாற்றுவது. எந்த விகிதம் என்பதுதான் கேள்வி. கடையில் தொங்கும் அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். டயரின் அளவுக்கு மட்டும் விடை சொல்லும் அட்டவணை அது. எஞ்சினுக்கும் நீங்கள் ஓட்டும் சாலைக்கும் அதில் விடை கிடையாது.

உதாரணங்களை அமெரிக்காவில் இருந்தே எடுத்திருக்கிறேன். பிக்கப் டிரக் அங்கே வீட்டு வண்டி. ஒவ்வொரு ஆக்சிலுக்கும் நாலைந்து விகிதங்களில் கிரவுன்-பினியன் செட் பெட்டியில் வாங்கலாம், மாற்றித் தரும் கடைகளும் ஊருக்கு ஊர் உண்டு. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதற்குத் தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. எனவே இங்கே தாரோ பொலிரோவோ வைத்திருப்பவர் டயரில் கைவைக்கும் முன் ஆர்டிஓ அலுவலக வாசலை நினைத்துக்கொள்ள வேண்டும். கணக்கு மட்டும் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான்.

எண் என்ன சொல்கிறது

3.55 என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் மூன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றுகிறது. பல் கணக்கில் பார்த்தால் கிரவுனில் 39, பினியனில் 11. 3.73 என்பது 41-க்கு 11, 4.10 என்பது 41-க்கு 10, 4.56 என்பது 41-க்கு 9, 4.88 என்பது 39-க்கு 8. எண்கள் ஏன் இப்படி முழுமையில்லாமல் வருகின்றன என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டுமென்றேதான் அப்படி வைக்கிறார்கள். பற்களின் எண்ணிக்கை ஒன்றையொன்று சரியாக வகுக்காவிட்டால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களையும் மாறிமாறிச் சந்திக்கும், தேய்மானம் சமமாகப் பரவும். 4.00 என்று கேட்டு அலையவேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்.

எண் பெரிதானால் இழுவை கூடும், எஞ்சின் அதிகம் சுற்றும். சிறிதானால் நேர்மாறு. ‘ஹை கியர்’, ‘லோ கியர்’ என்று பேசப் போனால் எதிரே இருப்பவர் எதை நினைக்கிறார் என்று தெரியாது. கடையில் எப்போதும் எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். எண் ஏற ஏறப் பினியனின் பற்கள் குறைகின்றன, பினியனே சிறுத்துப்போகிறது. 4.88-இல் எட்டே பல். ஒரு நேரத்தில் சுமை தாங்கும் பற்கள் குறைவு, அவற்றின் தொடுபரப்பும் குறைவு. பெரிய டயர், கனமான வண்டி, பாறையில் சிக்கிய சக்கரம், மேலே பொறுமையில்லாத கால் என்று எல்லாம் சேர்ந்தால் முதலில் உடைவது அதுதான். ‘பெரிய எண் போட்டால் வண்டி பலமாகும்’ என்பது பாதிதான் உண்மை. இழுவை பலமாகும், கியர் பலவீனமாகும்.

வண்டியில் இப்போது என்ன இருக்கிறது

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஆக்சிலுக்கு ஒரு குறியீடு இருக்கும். அதை வைத்து விகிதத்தைக் கண்டுபிடிக்கலாம். வண்டி முதல் கைமாற்றம் என்றால் அதை நம்பலாம். இரண்டு மூன்று பேரிடம் இருந்து வந்த வண்டியில் லேபிள் ஒன்று சொல்லும், ஹவுசிங்குக்குள் வேறொன்று இருக்கும்.

அப்போது எண்ணிப் பார்ப்பதே வழி. முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்துப் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் போட்டுக் கை பிரேக்கை விடுங்கள். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு மற்றது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். எதிர்ப்பக்கம் போனால் சாதாரண டிஃபரன்ஷியல். அதில் ஒரு சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றவேண்டும். இரண்டு சக்கரமும் ஒரே பக்கம் சேர்ந்து போனால் லிமிட்டெட் ஸ்லிப் அல்லது லாக்கர். அதில் ஒரு சுற்று போதும். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் விகிதம். மூன்றரைக்குச் சற்றுக் கூடுதல் என்றால் 3.55, முக்காலை ஒட்டி நின்றால் 3.73. ஷாஃப்ட்டைப் பார்க்க ஒரு ஆள், சக்கரத்துக்கு ஒரு ஆள் என்று இருந்தால் ஐந்து நிமிட வேலை.

ஆக்சிலின் அளவையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஃபோர்டு எஃப்-150-இல் பின் மூடியில் 10 போல்ட் இருந்தால் 8.8 அங்குலக் கிரவுன், 12 இருந்தால் 9.75. இரண்டுக்கும் செட் வேறு, விலையும் வேறு.

கணக்கு

2011 முதல் 2014 வரை வந்த எஃப்-150, ஐந்து லிட்டர் வி8, ஆறு கியர் ஆட்டோமேட்டிக், ஆக்சில் 3.55, டயர் 275/65 ஆர்18. இதை எடுத்துக்கொள்வோம். சந்தையில் இன்னும் நிறையக் கிடைக்கிற, பெரிய டயர் மாட்ட எல்லோர் கையும் அரிக்கிற வண்டி.

டயரின் விட்டம் முதலில். அகலம் 275 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், அதாவது 178.75 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு தடவை, அதோடு 18 அங்குல ரிம்முக்கு 457 மி.மீ. மொத்தம் 815 மி.மீ., சுமார் 32.1 அங்குலம். புதிதாகப் போட நினைப்பது 35 அங்குலம். பக்கவாட்டில் 35 என்று அச்சடித்திருப்பார்கள், அளந்தால் பெரும்பாலும் அரை அங்குலமாவது குறையும். கணக்குக்கு 34.5 வைத்துக்கொள்கிறேன். நீங்கள் வாங்கப்போகும் டயரின் விவரத்தாளில் உண்மையான விட்டம் இருக்கும், அதைப் போடுங்கள். பழைய டயருக்குத் தாளில் உள்ள அளவு, புதியதற்குக் கையால் அளந்த அளவு என்று கலக்கக் கூடாது.

இப்போது பழைய இழுவையைத் திரும்பக் கொண்டுவர என்ன எண் வேண்டும்? புதிய விட்டத்தைப் பழைய விட்டத்தால் வகுத்து 3.55-ஆல் பெருக்க வேண்டும். 34.5-ஐ 32.1-ஆல் வகுத்தால் 1.075. விடை 3.82. அப்படி ஒரு செட் இந்த ஆக்சிலுக்குக் கடையில் கிடையாது. கீழே 3.73, மேலே 4.10. பெரும்பாலான அட்டவணைகள் இந்த இடத்தில் நின்றுவிடும்.

நாம் அடுத்த கணக்கைப் போடுவோம். எஞ்சின் வேகம் தெரிய, மைல் வேகத்தை 336-ஆல் பெருக்கி, ஆக்சில் விகிதத்தாலும் டாப் கியர் விகிதத்தாலும் பெருக்கி, டயரின் அங்குல விட்டத்தால் வகுக்க வேண்டும். கிலோமீட்டரிலும் மில்லிமீட்டரிலும் போடுபவர்கள் 336-க்குப் பதில் 5305 வைத்துக்கொள்ளலாம். நம் வண்டியின் ஆறாவது கியர் 0.69. மணிக்கு 70 மைலில், அதாவது 113 கி.மீ. வேகத்தில்:

பழைய டயர், 3.55 – சுமார் 1,800 ஆர்பிஎம்
புதிய டயர், 3.55 – 1,670
புதிய டயர், 3.73 – 1,755
புதிய டயர், 4.10 – 1,930
புதிய டயர், 4.56 – 2,145
புதிய டயர், 4.88 – 2,295

1,800-க்கும் 1,670-க்கும் 130 தானே வித்தியாசம், அதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். இந்த எஞ்சின் 360 குதிரைத்திறன் என்று விளம்பரத்தில் சொன்னது 5,500 ஆர்பிஎம்மில். அதன் உச்ச முறுக்குவிசை வருவது 4,250-இல். 1,670-இல் அது பாதித் தூக்கத்தில் இருக்கிறது. சிறு மேடு வந்தாலும் கம்ப்யூட்டர் கியரை இறக்கித்தான் ஆகவேண்டும். இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டு விடுபடும். பூட்டு விட்ட கன்வெர்ட்டர் சக்தியை வெப்பமாக்கிக் கியர்பாக்ஸ் ஆயிலில் கொட்டும். பெரிய டயரால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சீக்கிரம் கெடுகிறது என்பார்களே, பெரும்பாலும் அது இந்தச் சூட்டினால்தான்.

இதே வண்டியில் 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் டர்போ எஞ்சின் இருந்தால் கதை வேறு. அதன் உச்ச முறுக்குவிசை 2,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். வி8-க்கு மூச்சு வாங்குகிற மேட்டை அது கியர் இறங்காமல் ஏறிவிடும். ஒரே டயர், ஒரே ஆக்சில், ஒரே கியர்பாக்ஸ் இருந்தும் இரண்டு எஞ்சினுக்கும் விடை ஒன்றில்லை.

தொழிற்சாலைகள் எதைத் தேர்ந்தெடுத்தன

சந்தேகம் வந்தால் நான் பார்ப்பது, இதே டயரைத் தொழிற்சாலையிலேயே மாட்டி விற்றவர்கள் எந்தக் கிரவுன் போட்டார்கள் என்பதை. 315/70 ஆர்17 என்பது மில்லிமீட்டர் கணக்கில் எழுதிய 35 அங்குல டயர்தான், விட்டம் 34.4. எஃப்-150-இன் அண்ணனான ராப்டரில் 2010 முதல் 2014 வரை ஃபோர்டு போட்டது இந்த அளவு. கூட வைத்த ஆக்சில் 4.10. கியர்பாக்ஸ் நம் வண்டியில் இருக்கும் அதே ஆறு கியர் குடும்பம். 2017-இல் பத்து கியர் பெட்டியும் 450 குதிரைத்திறன் டர்போவும் வந்த பிறகும் 4.10-ஐ விடவில்லை.

அதே நிறுவனம் பிராங்கோவுக்கு ‘சாஸ்குவாட்ச்’ பொதியில் 35 அங்குல டயர் கொடுத்தபோது 4.70-க்குப் போனது. அதில் 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினும் வரும். ஜீப் ராங்லர் ரூபிகானுக்கு ‘எக்ஸ்ட்ரீம் ரீகான்’ பொதியில் இதே அளவு டயரோடு 4.56 கொடுத்தார்கள். டயர் ஒன்று, விகிதம் மூன்று. காசுக்குக் கணக்குப் பார்க்கிற, உத்தரவாதத்துக்குப் பதில் சொல்லவேண்டிய பொறியாளர்கள் எடுத்த முடிவுகள் இவை. ‘35 என்றால் 4.56 போடு’ என்று எல்லா வண்டிக்கும் ஒரே மருந்து எழுதிக் கொடுக்கும் கடைக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

அட்டவணையில் இல்லாதவை

3.82 போதும் என்று கணக்கு சொன்னாலும் 3.73-க்குப் போவது வீண் செலவு. விட்டம் மட்டும் மாறினால்தான் அந்தக் கணக்கு சரி. வேறு மூன்று விஷயமும் கூடவே மாறிவிடுகின்றன. கரடுமுரடான வழிக்கான 35 அங்குல டயர், காருக்கான டயரைவிட ஒவ்வொன்றும் பத்து கிலோவுக்கு மேல் கனம். அந்தக் கனம் அச்சில் இருந்து தள்ளி, விளிம்பில் சுற்றுகிறது. கிளப்பவும் அதிக விசை வேண்டும், நிறுத்தவும் அதிக விசை வேண்டும். அகலமான, கட்டை போன்ற பற்கள் தரையில் அதிகம் உரசும். டயருக்கு இடம் செய்ய வண்டியைத் தூக்கியிருப்பீர்கள், காற்று முன்பைவிட அதிகமாக முட்டும். காற்றின் தடை வேகத்தின் இருமடியில் ஏறும், அதை வெல்ல வேண்டிய சக்தி மும்மடியில் ஏறும்.

அதனால் விட்டக் கணக்கு தரும் எண்ணுக்கு மேலே கிடைக்கும் அடுத்த செட்டைத்தான் தொடக்கப்புள்ளியாக வைக்கவேண்டும். நம் வண்டிக்கு அது 4.10. அதற்கும் மேலே போகவேண்டுமா என்பதை இடமும் வேலையும் முடிவுசெய்யட்டும்.

ஹூஸ்டனில் ஒருவர் இதே வண்டியை ஓட்டுகிறார் என்று வையுங்கள். கடல்மட்டம், தட்டையான நிலம். மேற்கே ஐ-10 சாலையில் போனால் மேற்கு டெக்சாஸில் 80 மைல் வரை அனுமதி உண்டு. 80-இல் 4.10 போட்ட வண்டி 2,200 சுற்றும், 4.56 என்றால் 2,450, 4.88 என்றால் 2,625. நாள் முழுக்க அந்த வேகத்தில் போகிறவருக்கு 4.88 காதுக்கும் டேங்குக்கும் பாரம். 4.10-க்கு மேலே போக அவருக்குக் காரணமே இல்லை.

டென்வர்க்காரரின் நிலைமை வேறு. அவர் வீட்டு வாசலே கடல்மட்டத்துக்கு 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. சனிக்கிழமை மேற்கே ஐ-70-இல் ஏறினால் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீத சக்தியை இழக்கும். சுரங்க வாயிலில் அவருடைய வி8-இல் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். பின்னால் கேம்பர் வேறு கட்டியிருந்தால் 4.56-ஐத் தயங்காமல் சொல்வேன். டயரை 37-க்குக் கொண்டுபோகும் எண்ணம் மனதில் இருந்தாலும் 4.56. கிரவுனை இரண்டு தடவை மாற்றுவதைவிட வீண் செலவு இந்தத் தொழிலில் வேறில்லை. முதலில் கடைசி டயர் எது என்று முடிவுசெய்யுங்கள், கிரவுன் அதற்குப் பிறகு.

காட்டுவழி, பாறை ஏற்றம்தான் வாழ்க்கை என்பவர் டாப் கியரை விட்டுவிட்டு மறுமுனையைப் பார்க்கவேண்டும். முதல் கியர் 4.17, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.64, ஆக்சில் 3.55. மூன்றையும் பெருக்கினால் 39. ஆக்சிலை 4.10 ஆக்கினால் 45, 4.56 ஆக்கினால் 50. எண் கூடக்கூட வண்டி ஆக்சிலரேட்டரின் உதவி இல்லாமலே நடைவேகத்தில் ஊரும், இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

கியர்களின் எண்ணிக்கையும் கணக்கில் வரவேண்டும். நாலு கியர் ஆட்டோமேட்டிக் வைத்த பழைய டிரக்கில் கியருக்குக் கியர் பெரிய பள்ளம், டாப் விழுந்தால் எஞ்சின் ஓலமிடும். அங்கே ஆக்சிலைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது உயிர்ப்பிரச்னை. 2017-க்குப் பிந்தைய பத்து கியர் எஃப்-150-இல் முதல் கியர் 4.70, கடைசி 0.64. இரண்டுக்கும் நடுவே எட்டுப் படி. 35 டயர் போட்டாலும் கம்ப்யூட்டர் ஒன்பதிலோ எட்டிலோ தனக்கு வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டியில் டர்போவும் இருந்து, பின்னால் எதையும் இழுக்காமல் இருந்தால், ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். கடைக்காரர் சொல்லமாட்டார்.

மைலேஜ் பற்றி ஒரு வார்த்தை. கிரவுன் மாற்றினால் பெட்ரோல் மிச்சமாகும், போட்ட பணம் திரும்பிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு பேசாமல் இருங்கள். மேட்டிலும் ஊருக்குள்ளும் கொஞ்சம் மீளலாம். தட்டையான நெடுஞ்சாலையில் கூடுவதற்கு வழியில்லை. டயர் மாற்றிய உடனே ‘மைலேஜ் பாதாளத்துக்குப் போயிடுச்சு’ என்று புலம்புபவர்கள் இன்னொன்றையும் கவனிப்பதில்லை. ஓடோமீட்டர் இப்போது 7 சதவீதம் குறைத்து எண்ணுகிறது. மீட்டரில் 100 மைல் என்றால் வண்டி ஓடியது 107.

கடைக்குப் போகும் முன்

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். பணம் பற்றவில்லை, இப்போது பின்பக்கம் மட்டும், முன்பக்கம் தீபாவளிக்கு என்று தள்ளிப்போட நினைத்தால், அதுவரை ஃபோர் வீல் பொத்தானைத் தொடாதீர்கள். விகிதம் ஒத்துவராத இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும், நடுவில் மாட்டிக்கொண்ட டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். முன் ஆக்சிலில் பெரும்பாலும் எதிர்த்திசையில் வெட்டிய செட் வரும், பின் ஆக்சில் செட்டை அங்கே போட முடியாது. எஃப்-150-இல் முன்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் இருப்பதால் முன் ஹவுசிங்கைக் கீழே இறக்கித்தான் வேலை செய்யவேண்டும். கூலி அங்கேதான் ஏறும். இரண்டு ஆக்சிலுக்கும் செட், பேரிங், சீல், கூலி என்று சேர்த்தால் அமெரிக்காவில் 2,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

சில ஆக்சில்களில் கிரவுனைத் தாங்கும் கேரியரையும் மாற்றவேண்டி வரும். டானா 44-இல் 3.73 வரை ஒரு கேரியர், 3.92-லிருந்து இன்னொன்று. கிரவுன் பிடிக்கும் முகம் தள்ளியிருக்கும். ஃபோர்டு 8.8-இல் இந்தத் தொல்லை கிடையாது. எப்படியும் ஹவுசிங்கைத் திறக்கப்போகிறீர்கள். லாக்கர் போடும் ஆசை இருந்தால் இதே கூலியில் போட்டுவிடுங்கள்.

கடையைத் தேர்ந்தெடுப்பது செட்டைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பெரிய விஷயம். நல்ல கம்பெனி கியரை அனுபவமில்லாத கை பூட்டினால் ஆயிரம் மைலில் ஊளையிடும். ‘பேட்டர்ன் பார்த்து எனக்கு போட்டோ எடுத்துக் கொடுப்பீர்களா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தொழில் தெரிந்தவர் சந்தோஷமாகச் சரி என்பார். எதற்கு என்று திருப்பிக் கேட்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பேட்டர்ன் என்பது இதுதான். கிரவுனின் நாலைந்து பல்லில் மஞ்சள் பேஸ்ட்டைப் பிரஷ்ஷால் பூசுவார்கள். பினியனை ஒருவர் துணியால் இறுக்கிப் பிடித்துச் சுமை கொடுக்க, கிரவுனை ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் சுற்றுவார்கள். பினியன் பல் தொட்ட இடத்தில் பேஸ்ட் விலகி, உலோகம் பளிச்சென்று தெரியும். அந்தத் தடம் பல்லின் உயரத்தில் நடுவே விழவேண்டும். பல்லின் அடியில் அமுங்கி விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. 8.8 போல ஷிம் பினியன் தலைக்குப் பக்கத்தில் உட்காரும் ஆக்சிலில் மெல்லிய ஷிம்முக்கு மாறவேண்டும். நுனியில் விழுந்தால் தடித்த ஷிம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பேரிங்கைப் பிடுங்கி, ஷிம் மாற்றி, மறுபடி அழுத்தி, மறுபடி பூசிப் பார்க்கவேண்டும். கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே விடும் தொய்வை டயல் கேஜில் பார்ப்பார்கள். பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மி.மீ. வரை வரும், இறுதிச் சொல் செட்டோடு வரும் தாளுக்கே. கடைசியாக பினியன் நட்டை இறுக்கும்போது உள்ளே ஒரு மெல்லிய இரும்புக் குழல் நசுங்கி பேரிங்குக்கு அளவான அழுத்தம் கொடுக்கும். அளவுக்கு மீறி ஒரு முறுக்கு போய்விட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்க முடியாது, குழலைத் தூக்கிப்போட்டுப் புதிது போடவேண்டும். தளர்த்திச் சமாளிக்கும் கடைகளும் உண்டு. வண்டி மூன்றாம் மாதம் திரும்பி வருவது அங்கேதான்.

முதல் 500 மைல்

புதிய கியர் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது கடுமையாகச் சூடாகும். முதல் தடவை 15, 20 மைல் நிதானமாக ஓட்டி, நிறுத்தி, அரைமணி நேரம் ஆறவிடுங்கள். அதையே இன்னும் இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். 500 மைல் வரை டிரெய்லர் கூடாது, அதிவேகம் கூடாது. பிறகு கியர் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள். வடிகாந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் இயல்பு. கையில் நெருடும் துணுக்கு இருந்தால் கடைக்குப் போங்கள். முடுக்கும்போது மட்டும், அல்லது காலை எடுக்கும்போது மட்டும், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஊளைச் சத்தம் வந்தாலும் அப்படியே.

வண்டியைக் கடையிலிருந்து எடுக்கும் முன் கம்ப்யூட்டருக்குப் புதிய ஆக்சில் விகிதத்தையும் டயர் அளவையும் சொல்லிவிடச் செய்யுங்கள். ஃபோர்டில் ஃபோர்ஸ்கேன் மென்பொருளால் பலர் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். சொல்லாமல் விட்டால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், கியர் மாறும் நேரமும் குழம்பும். டயர் மட்டும் மாற்றியிருந்தபோது மீட்டரில் 70 என்றால் உண்மையில் 75. வேகக் கேமரா முன் மாட்டிக்கொள்பவர்களில் இந்த ரகமும் உண்டு. 4.10 போட்டபின் வேகத்தை கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் இருந்து எடுக்கும் வண்டியில் பிழை மறுபக்கம் சாயும், 70 காட்டும்போது ஓடுவது 65. மாற்றிய பிறகு போனில் ஜிபிஎஸ் வேகத்தை வைத்து ஒரு தடவை ஒத்துப் பாருங்கள்.

கிரவுன் மாற்றியதால் கிளம்புவது சரியாகிவிட்டது, நிற்பது சரியாகவில்லை. டயர் கனமாகவும் உயரமாகவும் ஆனபோது பிரேக்கின் பிடி குறைந்தது, அதை எந்த விகிதமும் திருப்பித் தராது. டிஸ்க், பேட், முன் காலிப்பர் ஆகியவற்றில் எதை எப்போது மாற்றுவது என்பது அடுத்த அத்தியாயம். அதைப் படித்து முடிக்கும்வரை முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே பழைய இடைவெளியைவிடக் கூடுதலாக விட்டு ஓட்டுங்கள்.